55 வாய்கள், ஒரு விகிதம்

பல்லுக்குக் கிளிப் போடும் மருத்துவத்தைப் படித்தவர்களுக்கு 91.3 என்ற எண் மனப்பாடம். கீழ்வரிசையில் ஒரு பக்கத்து முதல் கடைவாய்ப்பல் தொடங்கி மறுபக்கத்து முதல் கடைவாய்ப்பல் வரை உள்ள பன்னிரண்டு பற்களின் அகலத்தைக் கூட்டி, மேல்வரிசையில் அதே பன்னிரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைக்கும் சராசரி அது. முன்பற்கள் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டால் 77.2. மேல்வரிசை கீழ்வரிசையை வெளியிலிருந்து சுற்றி நிற்கிறது. ஆகவே அதற்குக் கொஞ்சம் கூடுதலான பல்லகலம் தேவை. எவ்வளவு கூடுதல் என்பதற்கான விடையே இந்த இரண்டு எண்கள். விகிதம் பிசகிய வாயில் மருத்துவர் எவ்வளவு நுணுக்கமாகக் கம்பி வளைத்தாலும், கடைசியில் எங்காவது ஓர் இடைவெளியோ நெருக்கடியோ மிஞ்சும். 1958-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் வேய்ன் போல்டன் இந்த எண்களை வெளியிட்டார். அவர் அளந்தது 55 பேரின் பல் அச்சுகளை. அந்த 55 பேரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த இனத்தவர் என்று கட்டுரையில் குறிப்பில்லை. அப்படிப்பட்ட எண் எப்படி உலகம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று என்பது ஒரு கதை. பிறகு அதை 'வெள்ளையர் அளவு' என்று மறுத்தவர்கள் சரியான இடத்தில்தான் கைவைத்தார்களா என்பது இன்னொரு கதை. என் வாதம் இரண்டாவதைப் பற்றியது. மறுத்தவர்களின் சந்தேகம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் தவறான கருவியின் மீது பாய்ந்தது. மக்கள்கூட்டத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவது பல்லின் அளவு. மேல்கீழ் வரிசைகளின் விகிதம் அந்த அளவுக்கு மாறுவதில்லை.

பல்லை அளப்பதற்கு இரண்டு தனித்தனி மரபுகள் இருந்தன. ஒன்று மனிதரை வகைப்படுத்த அளந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த வில்லியம் ஹென்றி ஃபிளவர் 1885-ல், பல்லின் அளவை இனத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்து, மண்டையோடுகளை சிறுபல்லினர், நடுப்பல்லினர், பெரும்பல்லினர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார். ஐரோப்பியர் சிறுபல்லினர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பெரும்பல்லினர். அந்தமான் தீவினரும் பெரும்பல்லினர் வரிசையில் வைக்கப்பட்டார்கள். காலனி ஆட்சி சேகரித்துக் கொடுத்த மண்டையோடுகள் இல்லாமல் இந்த ஆய்வே நடந்திருக்காது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபிளவரின் குறியீடு பல் நீளத்தை மண்டையோட்டின் அடித்தள நீளத்தோடு ஒப்பிட்டது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பது அவர் கேள்வியே அல்ல. இரண்டாவது மரபு மருத்துவர்களுடையது. சிகாகோவின் ஜி. வி. பிளாக், பிடுங்கிய பற்களை ஒவ்வொன்றாக அளந்து சராசரிகளை அட்டவணையாக்கினார். 1902 பதிப்போடு அவருடைய அட்டவணை தலைமுறைகளுக்கு ஆதாரமாயிற்று. அதற்கு இனம் பற்றிய கவலை இல்லை. செயற்கைப் பல் செய்யவும் சொத்தை அடைக்கவும் ஒரு பல்லின் உருவம் தெரிய வேண்டும், அவ்வளவே.

இந்த இரண்டு மரபுகளும் சந்தித்த இடத்தில் ஒருவர் மிகவும் நேர்மையாக நடந்துகொண்டார். பிரான்சின் பொன் என்பவர் 1909-ல், மேல்வரிசை வெட்டுப்பற்கள் நான்கின் அகலத்தைக் கூட்டி 80-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் முன்கடைவாய்ப் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய அகலமும், 64-ஆல் வகுத்துப் பெருக்கினால் கடைவாய்ப் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய அகலமும் கிடைக்கும் என்றார். கூடவே, தாம் அளந்தது பிரெஞ்சுக்காரர்களை மட்டுமே என்றும் மற்ற மக்களிடம் இதைச் சரிபார்க்க வேண்டும் என்றும் குறிப்பிட்டார். 80-ம் 64-ம் பாடப்புத்தகங்களில் ஏறின, குறிப்பு ஏறவில்லை. இந்தத் துறையில் எண்கள் பயணம் செய்த விதமே இதுதான். செய்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னதை, எடுத்தவர் சட்டமாக்கினார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் எண்ணே தேவையில்லை என்ற நிலையில் இருந்தார். முப்பத்திரண்டு பற்களும் இயற்கை வகுத்த இடத்தில் நின்றுவிட்டால் முகமும் அழகாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த அழகுக்கு அவர் காட்டிய முன்மாதிரி அப்போலோவின் பளிங்குச் சிலை. எட்மண்ட் வர்பெல் என்ற ஓவியர், எல்லா முகத்துக்கும் ஒரே அழகு இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்ன பிறகு அப்போலோ சற்றுப் பின்னால் நகர்ந்தார். ஆனால் ஒரே இலட்சியம், அதற்கு எல்லோரையும் கொண்டுவருவது மருத்துவரின் கடமை என்ற மனப்போக்கு பள்ளிகளில் தங்கிவிட்டது. அதைப் புரிந்துகொள்ளாமல் 91.3-இன் பின்வரலாறு விளங்காது. எண் போல்டனுடையது, அதைத் தொட்டே தீரவேண்டிய இலக்காகப் பார்த்த கண் ஆங்கிளின் காலத்துடையது.

பற்களின் அளவே பொருத்தத்தைக் கெடுக்கலாம் என்ற சந்தேகம் 1940-களில் வலுப்பட்டது. 1944-ல் பாலர்ட் 500 பேரின் அச்சுகளை அளந்து, பத்தில் ஒன்பது பேருக்கு இடப்பக்கத்துப் பல்லுக்கும் அதன் வலப்பக்கத்து இணைக்கும் இடையில் கால் மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வித்தியாசம் இருப்பதைக் காட்டினார். அப்போலோவின் காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். 1945-ல் கெஸ்லிங், நோயாளியின் பிளாஸ்டர் அச்சிலிருந்து பற்களைத் தனித்தனியாக அறுத்தெடுத்து, மெழுகில் புதிதாக அடுக்கிப் பார்த்து, சிகிச்சையின் முடிவை முன்கூட்டியே காணும் முறையைச் சொன்னார். அது நிச்சயமான முறை, ஆனால் மணிக்கணக்கில் ஆளை உட்கார வைப்பது. 1949-ல் நெஃப் முன்பற்களுக்கு ஒரு குணகம் கண்டார். ஸ்வீடனில் லுண்ட்ஸ்ட்ரோம் இதே கேள்வியை எடுத்தார். ஆக, போல்டன் வெறுந்தரையில் கட்டவில்லை. கெஸ்லிங்கின் மெழுகு அடுக்குக்குப் பதிலாக ஒரு வகுத்தல் கணக்கு போதுமா என்று கேட்டார், அவ்வளவே.

அவர் தேர்ந்த 55 அச்சுகளும் மிக நல்ல பல் பொருத்தம் உடையவை. அவற்றில் 44 பேர் பல் பிடுங்காமல் சிகிச்சை பெற்றவர்கள். 11 பேர் சிகிச்சையே இல்லாமல் இயல்பாக நல்ல பொருத்தம் உடையவர்கள். கவராயத்தின் கூர்முனைகளால் ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் எடுத்தார். பன்னிரண்டு பற்களுக்கான விகிதம் 87.5 முதல் 94.8 வரை விரிந்திருந்தது, சராசரி 91.3, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) 1.91. முன்பற்களுக்கு 74.5 முதல் 80.4 வரை, சராசரி 77.2, திட்ட விலக்கம் 1.65. இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 87.5-லும் நல்ல பொருத்தம், 94.8-லும் நல்ல பொருத்தம். சிறந்தவை என்று அவரே பொறுக்கியெடுத்த வாய்களிலேயே ஏழு புள்ளிக்கு மேல் விரிவு! 1962-ல் எழுதிய இரண்டாம் கட்டுரையில், ஒரு திட்ட விலக்கத்துக்கு அப்பால் போனால் அதைச் சிகிச்சைத் திட்டத்தில் கவனிக்க வேண்டும் என்றார். அந்த வாயில் பல்லைத் தேய்த்தே ஆகவேண்டும் என்பது அதன் பொருளன்று. நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய வாயில் இதே விகிதம் 87-க்கும் 89-க்கும் இடையே இறங்கிவிடும் என்பதையும் அவரே கணக்கிட்டுத் தந்தார். அதாவது, எண் சூழலைப் பொறுத்தது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எண் பரவியதற்குக் காரணம் அதன் சுருக்கம்தான். ஒரு கவராயம், ஒரு துண்டுத்தாள், பத்து நிமிடம். பாடப்புத்தகங்கள் அட்டவணையாக அச்சிட்டன: மேல்வரிசை 94 மில்லிமீட்டர் என்றால் கீழ்வரிசை 85.8 இருக்க வேண்டும் என்பதுபோல. அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரே எண்தான் நிற்க முடியும். திட்ட விலக்கத்துக்கு அங்கே இடமில்லை. சராசரியாக இருந்தது 'இருக்க வேண்டியது' ஆனது அங்கேதான்.

மக்கள்கூட்டங்களைப் பற்றிய கேள்வி 1972-ல் லவெலின் கட்டுரையோடு முறையாக நுழைந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் விகிதம் கூடுதல், ஐரோப்பியருடையது குறைவு, கிழக்காசியருடையது நடுவில் என்றார். அன்றைய மானுடவியல் பயன்படுத்திய மூன்று பெரும்பிரிவுகளே அவருக்கும் பிரிவுகள். ஃபிளவரின் நிழல் இன்னும் முழுமையாக விலகவில்லை. பெரிய அதிர்வை உண்டாக்கியது 2000-ல் ஸ்மித், புஷாங், வாடனாபே மூவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், வெள்ளையர் என்று பிரிவுக்கு 60 பேர், அதில் பாதி ஆண் பாதி பெண், மொத்தம் 180 அச்சுகள். பன்னிரண்டு பற்களின் விகிதம் வெள்ளையருக்கு 92.3, ஹிஸ்பானியருக்கு 93.1, கறுப்பினத்தவருக்கு 93.4 என்று வந்தது. போல்டனின் எண்கள் வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே பொருந்துகின்றன என்று முடித்தார்கள். அதன்பின் துருக்கி, ஸ்பெயின், ஜோர்டான், ஜப்பான், பெரு, ஹாங்காங் என்று ஆய்வுகள் குவிந்தன. இந்தியாவிலும் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் இது வாடிக்கையான தலைப்பாயிற்று. மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 'நம் மக்களுக்குத் தனி அளவு வேண்டும்' என்ற ஒரே வாக்கியத்தில் போய் நின்றது.

இந்த வாக்கியத்தைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். முதலில் எண்களை மில்லிமீட்டராக்கிப் பார்ப்போம். மேல்வரிசை 94 மில்லிமீட்டர் உள்ள வாயில், 92.3-க்கும் 93.4-க்கும் உள்ள வேறுபாடு கீழ்வரிசையில் சுமார் 1 மில்லிமீட்டர். அது பன்னிரண்டு பற்களில் பங்கிடப்பட்டது. அதே வாயில் போல்டனின் ஒரு திட்ட விலக்கம் சுமார் 1.8 மில்லிமீட்டர். அதாவது, இரண்டு மக்கள்கூட்டங்களின் சராசரிகளுக்கிடையே உள்ள தூரம், ஒரே கூட்டத்துக்குள் இருவரிடையே சர்வசாதாரணமாகக் காணும் தூரத்தைவிடக் குறைவு. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த பிசகு சிகிச்சையில் பெரிதாகத் தெரியாது என்பது பிராஃபிட் போன்ற பாடநூலாசிரியர்களின் கணிப்பு. வேறு சிலர் இரண்டு மில்லிமீட்டர் என்கிறார்கள். நெருக்கியடித்து நிற்கும் பற்களை அளக்கும்போது, அளப்பவர் கையிலேயே ஏறத்தாழ அவ்வளவு பிழை நேரலாம் என்று 1995-ல் ஷெல்ஹார்ட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கவராயத்தின் பிழைக்குள் அடங்கிவிடும் வேறுபாட்டுக்காக ஒரு தேசிய அட்டவணை தேவையா?

இதற்கு மறுப்பு உண்டு. சராசரியில் ஒரு மில்லிமீட்டர் என்றாலும், எல்லோரும் ஒரே பக்கமாக நகரும்போது, எல்லைக்கோட்டைத் தாண்டுபவர் எண்ணிக்கை கூடுமே. அவர்களில் சிலருக்கு வீணாகப் பல்லைத் தேய்த்துவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1996-ல் ஃப்ரீமன் குழுவினர் அளந்த 157 நோயாளிகளில் முன்பல் விகிதம் இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே போனவர்கள் நூற்றுக்கு 30.6 பேர். போல்டனின் பரவலே அவர்களுக்கும் பொருந்துமானால் நூற்றுக்கு ஐந்து பேர்தான் அப்படி இருக்க வேண்டும். ஆனால் இந்த வீக்கத்துக்கு இனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. போல்டன் அளந்தது பொறுக்கியெடுத்த நல்ல வாய்களை. பின்வந்தவர்கள் பெரும்பாலும் அளந்தது சிகிச்சைக்கு வந்த, பல் கோணிய வாய்களை. ஸ்மித் குழுவினரின் 180 அச்சுகளும் சிகிச்சைக்கு முந்தியவை. அவர்கள் அளந்த வெள்ளையரின் சராசரியே 91.3-ஐவிட ஒரு புள்ளி கூடுதலாக வந்ததைக் கவனிக்க வேண்டும். வெள்ளையருக்கும் போல்டனுக்கும் இடையே உள்ள அந்தத் தூரம், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஏறக்குறையச் சமம். நல்ல வாயையும் கோணிய வாயையும் ஒப்பிட்டதால் வந்த பங்கு எவ்வளவு, மக்கள்கூட்டத்தால் வந்த பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் 'எங்களுக்கு 92.5' என்று எழுதினால், அது கோணிய பற்களின் சராசரியைப் புதிய இலட்சியமாக முடிசூட்டுவதாகிவிடும். ஸ்மித் குழுவினரின் ஆய்வில் ஆண்களின் விகிதமும் பெண்களின் விகிதமும்கூட வேறுபட்டன. அப்படியானால் மாநிலத்துக்கு ஒன்று போதாது, ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றும் வேண்டியிருக்கும். 'ஹிஸ்பானியர்' என்ற பிரிவோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உண்டாக்கியது; பெருவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்தவர்களுக்குப் பொதுவானது மொழிதான், பல் அன்று.

சரி, இனமும் மக்கள்கூட்டமும் இதில் பொருட்டே இல்லையா என்றால், மிகவும் பொருட்டான இடம் ஒன்று இருக்கிறது. விகிதத்தில் அளவு அடிபட்டுப்போகிறது. ஒரு மக்கள்கூட்டத்துக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்தே பெரிதாக இருந்தால் வகுத்தலில் அந்தப் பெரிது மறைந்துவிடும். ஃபிளவர் கண்ட பெரும்பல்லினரும் சிறுபல்லினரும் போல்டனின் கணக்கில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கக் காரணம் இதுதான். ஆனால் பால்பற்களும் நிரந்தரப் பற்களும் கலந்து நிற்கும் எட்டு, ஒன்பது வயதில், இன்னும் முளைக்காத கோரைப்பல்லும் முன்கடைவாய்ப் பற்களும் எவ்வளவு இடம் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்குகள் அப்படியல்ல. 1974-ல் டனாகாவும் ஜான்ஸ்டனும் தந்த சூத்திரம் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களின் வாயில் உருள்வது: கீழ் வெட்டுப்பற்கள் நான்கின் அகலத்தில் பாதியை எடுத்து, கீழ்வரிசைக்கு 10.5-ம் மேல்வரிசைக்கு 11-ம் கூட்ட வேண்டும். அந்த 10.5 எங்கிருந்து வந்தது? கிளீவ்லாந்து வட்டாரத்து, ஐரோப்பிய வம்சாவளியினராகக் கருதப்பட்ட 506 பேரிடமிருந்து. இங்கே எதுவும் அடிபடுவதில்லை. பல் சிறியதோ பெரியதோ, மில்லிமீட்டராகவே விடையில் வந்து உட்காரும். சவூதி அரேபியச் சிறுவர்களிடம் இந்தச் சூத்திரம் உள்ளதைவிடக் கூடுதலாகச் சொன்னது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினச் சிறுவர்களிடம், இதே கணிப்புக்குப் பயன்படும் மிச்சிகனின் மோயர்ஸ் அட்டவணை குறைத்துச் சொன்னது. கூட்டிச் சொன்னால் தேவையில்லாத பல் பிடுங்கல். குறைத்துச் சொன்னால் பின்னால் நெருக்கடி. ஓரிருவருக்கு நேர்ந்து சராசரியில் சமனாகிவிடும் பிழை அன்று இது. ஒரே திசையில் ஊர் முழுவதற்கும் நேரும் பிழை. உள்ளூர் அளவைக்கான உழைப்பு சேரவேண்டிய இடம் இதுவே. இந்தத் துறையில் இந்திய ஆய்வேடுகள் செய்த வேலை போல்டன் விகிதத்தில் செய்ததைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

மக்கள்கூட்டத்தின் பல்லை வைத்து எதிர்த்திசையில் நடந்த ஒரு வாதத்தையும் இங்கே சொல்லலாம். அடிலெய்டு நகரத்தின் ரேமண்ட் பெக் 1954-ல் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்களை ஆராய்ந்தார். கரடுமுரடான உணவால் பற்களின் பக்கவாட்டு முகங்கள் வாழ்நாள் முழுவதும் தேய்ந்து, வரிசையே நீளத்தில் குறுகுவதைக் கண்டார். மென்மையான உணவு உண்ணும் நவீன மனிதருக்கு அந்தத் தேய்மானம் இல்லை. எனவே முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்குவது இயற்கை செய்யத் தவறியதைச் செய்வதே என்றார். 1885-ல் 'பெரும்பல்லினர்' என்று அடிமட்டத்தில் வைக்கப்பட்டவர்களின் வாய், எழுபது ஆண்டுக்குள் வெள்ளைக் குழந்தைகளுக்கான முன்மாதிரியானது வேடிக்கைதான். பெக்கின் முடிவு பிறகு பல திசைகளிலும் மறுக்கப்பட்டது. ஆனால் பல்லின் அகலம் பிறப்போடு நின்றுவிடுவதில்லை, உணவாலும் வயதாலும் மாறுவது என்ற அவர் கவனிப்பு போல்டன் விகிதத்துக்கும் பொருந்தும். எந்த வயதில் அளந்தார்கள் என்று சொல்லாத சராசரி பாதிச் சராசரி.

பிசகு உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் மேல்வரிசையின் ஓரவெட்டுப்பல்லில். ஒவ்வொரு வகைப் பல்லிலும் ஒன்று நிலையானது, மற்றது தளர்ந்து மாறுவது என்ற கருத்தை 1939-ல் பட்லர் பாலூட்டிகளுக்குச் சொன்னார். 1945-ல் டால்பர்க் அதை மனிதப் பல்லுக்குக் கொண்டுவந்தார். மேல்வரிசையில் நடுவெட்டுப்பல் நிலையானது, ஓரவெட்டுப்பல் மாறுவது. சிலருக்கு அது கூம்பு போல் மெலிந்து நிற்கும், சிலருக்கு முளைப்பதே இல்லை. பன்னிரண்டு பற்களின் விகிதத்தைவிட முன்பற்களின் விகிதம் எல்லா நாட்டிலும் அதிகமாகக் கலைவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். போல்டன் அளக்காத இன்னொன்று பல்லின் தடிப்பு. மேல் வெட்டுப்பற்களின் உட்புறம் மண்வெட்டிபோல் குழிந்து ஓரங்கள் தடித்திருப்பது கிழக்காசியரிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் மிகுதி. மேல்பல் தடித்தால், அதன் உள்முகத்தைத் தொட்டு நிற்கவேண்டிய கீழ்ப்பற்களின் வட்டம் சுருங்கவேண்டி வரும். அகலம் அப்படியே இருந்தும் விகிதம் மாறவேண்டியிருக்கும். 1996-ல் ஹலசோனெடிஸ் கணினிக் கணக்கால் இந்த உறவைக் காட்டினார். மக்கள்கூட்டங்களுக்கிடையே பல்பொருத்தத்தில் உண்மையான வேறுபாடு இருக்குமானால் அதை அகலத்தைவிடத் தடிப்பில் தேடுவதே பொருத்தம். ஆனால் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அகலத்தையே திரும்பத் திரும்ப அளந்தன. அகலத்துக்குத்தான் ஒப்பிட ஓர் எண் தயாராக இருந்தது.

இன்று வாயை ஒளியால் வருடி எடுத்து, திரையிலேயே பற்களைப் பிரித்து அடுக்கிப் பார்க்கிறார்கள். கெஸ்லிங் மெழுகில் மணிக்கணக்கில் செய்தது இப்போது சில நிமிடங்களில் ஆகிறது. தடிப்பும் சாய்வும் கடிப்பின் ஆழமும் அதில் தாமாகவே வந்துவிடுகின்றன. அந்த நோயாளியின் சொந்தப் பற்களையே அடுக்கிப் பார்க்க முடியும்போது, யாருடைய சராசரியும் தேவைப்படுவது குறைவு. ஆயினும் விகிதத்தைக் கைவிடத் தேவையில்லை. எந்த வாயை நின்று பார்க்க வேண்டும் என்று முதலில் கைகாட்டுவதற்கு அது போதும். 1962-ல் போல்டன் கேட்டதும் அவ்வளவுதான். மக்கள்கூட்டங்களை நேர்மையாக ஒப்பிடவேண்டுமானால், ஒவ்வோர் ஊரிலும் சிகிச்சையின்றியே நல்ல பொருத்தம் உடையவர்களைத் தேடி, ஒரே வயதில், தடிப்பும் சேர்த்து அளக்க வேண்டும். அப்படிப்பட்ட வாய்கள் எங்கும் அரிது. சியாட்டிலில் தேடிய போல்டனுக்கும் பதினொன்றுதான் கிடைத்தன.